தறி நின்றால் யாருக்கு நட்டம்?

1784-ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் மாட்லக் என்ற ஊரில் மான்செஸ்டர்க்காரர்கள் சிலரும் எட்மண்ட் கார்ட்ரைட் என்ற பாதிரியாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கிராம்ஃபோர்டில் ரிச்சர்ட் ஆர்க்ரைட் நடத்திவந்த நூற்பாலையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆர்க்ரைட்டின் காப்புரிமை முடிந்ததும் ஆளாளுக்கு ஆலை கட்டிவிடுவார்கள், அத்தனை நூலையும் நெய்ய ஆள் எங்கே கிடைக்கும் என்று அவர்களில் ஒருவர் கவலைப்பட்டார். அப்படியென்றால் நெசவுக்கும் ஆர்க்ரைட்டே ஓர் இயந்திரம் செய்யட்டும் என்றார் கார்ட்ரைட். அது ஆகிற காரியமில்லை என்று மற்றவர்கள் அடித்துச் சொன்னார்கள். தறியைப் பற்றி ஒன்றும் அறியாத அந்தப் பாதிரியார் மறு ஆண்டே விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார்.

பாடநூல்கள் இதைக் கண்டுபிடிப்பாளரின் கதையாகச் சொல்கின்றன. எனக்கு அந்த மான்செஸ்டர்க்காரரின் கவலைதான் பெரிதாகப் படுகிறது. ஒரு கட்டம் வேகமெடுத்தால் அடுத்த கட்டம் தாங்குமா என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். இன்றைய தொழிற்சாலைகளில் உற்பத்தித் திட்டமிடல் என்று தனித் துறையே வைத்துச் செய்யும் வேலையின் முதல் கேள்வி அது. பஞ்சு கடைவது, நூற்பது, பாவு போடுவது, நெய்வது என்று வேலை வரிசையாகப் போகிறபோது, எவ்வளவு துணி வெளியே வரும் என்பதை அவற்றில் மிக மெதுவான கட்டமே தீர்மானிக்கிறது. மற்றவை அதைவிட வேகமாக ஓடினால் இடையில் சரக்கு தேங்கும், இல்லையென்றால் ஆளும் கருவியும் சும்மா நிற்கும். எல்லாக் கட்டங்களையும் ஒரே அளவாக ஆக்கிவிட்டாலும் சிக்கல் தீராது. நூல் அறும், ஆள் வராமல் போவார், ஆர்டர் ஒரு மாதம் குவிந்து மறு மாதம் வற்றும். ஆகவே ஏதோ ஓர் இடத்தில் உபரித் திறன் இருந்தே ஆகவேண்டும். அதை எங்கே வைப்பது, அது சும்மா கிடக்கும் நாட்களுக்கான செலவு யார் தலையில் விழுவது என்பதுதான் திட்டமிடலின் ஆழமான கேள்வி. லங்காஷயர் பருத்தித் தொழிலின் நூறாண்டு வரலாறு அதற்கு மிகத் தெளிவான சாட்சி. அங்கே ஒவ்வொரு முறை வேகம் கூடியபோதும் உபரி இடம் மாறியது. பேரம் பேசும் பலம் யாரிடம் குறைவாக இருந்ததோ அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்தது.

இயந்திரங்களுக்கு முந்தைய நிலையிலிருந்து தொடங்கவேண்டும். ஒரு தறிக்கு இடைவிடாமல் ஊடை நூல் கொடுக்க ஏறக்குறைய நான்கு பேராவது ராட்டையில் நூற்கவேண்டியிருந்தது. துணியின் ரகத்தைப் பொறுத்து இன்னும் அதிகம். நெசவாளரின் மனைவியும் பிள்ளைகளும் நூற்றது போதாமல், பக்கத்துப் பண்ணை வீடுகளில் வாங்கித்தான் தறி ஓடியது. 1823-இல் பருத்தித் தொழிலின் வரலாற்றை எழுதிய ரிச்சர்ட் கெஸ்ட் அந்தக் காலத்து நெசவாளரின் காலைப்பொழுதை விவரிக்கிறார். மூன்று நான்கு மைல் நடந்து, ஐந்தாறு வீடுகளின் கதவைத் தட்டினால்தான் அன்றைய மிச்சப் பொழுதுக்குத் தேவையான நூல் சேரும். அவசர வேலை என்றால் நூற்கும் பெண்ணுக்கு ஒரு ரிப்பனோ கவுனோ வாங்கிக் கொடுத்து வேகப்படுத்தவேண்டும். தொழிலின் உபரித் திறன் முழுவதும் அந்தப் பெண்களின் மிச்ச நேரத்தில் இருந்தது. பால் கறந்து, சமைத்து, பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு கிடைக்கும் நேரம் அது. நூல் தேவைப்படாத வாரங்களில் அந்த நேரத்துக்கு எந்த வணிகரும் காசு கொடுக்கவில்லை. சோழமண்டலக் கரையிலும் ஏறக்குறைய இதே அமைப்புதான். உழவுக் குடும்பத்துப் பெண்கள் வயல் வேலை இல்லாத பருவத்தில் நூற்றார்கள். வணிகரிடமோ கம்பெனியிடமோ முன்பணம் வாங்கிய நெசவாளர் அந்த நூலைச் சந்தையில் வாங்கினார். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடமுடியாது, தறி தானாக நிற்கும். கப்பல் வந்து துணி கேட்கும் காலத்துக்கும் மழைக்கும் நடுவில் ஏற்பட்ட இடைவெளியை நெசவாளரே தாங்கினார்.

லங்காஷயரில் ஜான் கே 1733-இல் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும். அகலத் துணிக்கு இருவர் தேவைப்பட்ட இடத்தில் ஒருவர் போதும். ஏற்கெனவே பின்தங்கியிருந்த நூற்பு இன்னும் பின்தங்கியது. 1761-இல் லண்டன் கலைச் சங்கம், ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஆறு இழை நூற்கும் இயந்திரத்துக்குப் பரிசு அறிவித்தது. சில ஆண்டுகளில் பிளாக்பர்ன் அருகே ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி எட்டுக் கதிர்களோடு வந்தது. இந்தச் சங்கிலியை அப்படியே நம்பக்கூடாது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேயின் நாடா முதலில் கம்பளித் தொழிலுக்குத்தான் போனது, பருத்தித் தறிகளில் பரவ இருபது முப்பது ஆண்டுகள் பிடித்தன. ஆகவே நாடா ஒரு பக்கம் தள்ள ஜென்னி மறுபக்கம் பிறந்தது என்பது அளவுக்கு மீறிய நேர்த்தி. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைத் தொடவில்லை. நான்கு ராட்டைக்கு ஒரு தறி என்ற விகிதம் நாடாவுக்கு முன்பே இருந்தது. துணிக்குத் தேவை வளர வளர, நெசவாளர் நடக்கும் தூரம்தான் நீண்டது. பெண்களின் மிச்ச நேரம் ஓர் எல்லைக்கு மேல் இழுபடாது என்ற நிலை வந்ததும் பணமும் மூளையும் நூற்பின் பக்கம் திரும்பின.

ஆர்க்ரைட்டின் பெயர் நீர்விசை நூற்பு இயந்திரத்தோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. அந்தக் காப்புரிமை 1769-ஆம் ஆண்டினது, கிராம்ஃபோர்டு ஆலை 1771-இல் தொடங்கியது. அவருடைய பெரிய சாதனை அதற்குப் பிறகு வந்தது என்பது என் எண்ணம். கதிர்கள் இரவும் பகலும் ஓட, அவற்றுக்குக் கொடுக்கவேண்டிய பஞ்சுத் திரி கைவேலையாக வந்தால் ஆலை பாதி நேரம் பட்டினி கிடக்கும். 1775-இல் பஞ்சு கடைவது, இழுப்பது, திரியாக்குவது ஆகிய முன்வேலைகளுக்கும் அவர் காப்புரிமை எடுத்தார். பிறர் யோசனைகளைத் தன்னுடையதாக்கிக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்து 1785-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனாலும் எத்தனை கடையும் இயந்திரத்துக்கு எத்தனை கதிர் என்ற விகிதத்தை ஒரே கூரையின் கீழ் ஒருவர் முடிவு செய்யலாம், ஒரே நீர்ச்சக்கரத்தில் எல்லாவற்றையும் பிணைக்கலாம் என்று அவர் நடத்திக் காட்டியது நிலைத்தது. ஆலைக்குள்ளே சமநிலை வந்துவிட்டது. ஆலையின் வாசலைத் தாண்டியதும் அது முடிந்துபோனது.

வாசலுக்கு வெளியே தறிகள் வீடுகளில் இருந்தன. 1779-இல் சாமுவேல் கிராம்ப்டன் செய்த மியூல், மெல்லிய நூலையும் உறுதியாக நூற்றது. அவர் காப்புரிமை எடுக்கவில்லை, ஆகவே காட்டுத்தீயாகப் பரவியது. அவரே 1811-இல் ஆலை ஆலையாகச் சென்று எண்ணியபோது 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மியூல் கதிர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாட்லக்கில் கேட்ட கவலை மெய்யாகிவிட்டது. நூல் பெருகி நெசவுக்கு ஆள் போதவில்லை, கூலி ஏறியது. ஸ்டாக்போர்ட் அருகே நெசவாளர்களை வைத்துத் தொழில் செய்த வில்லியம் ராட்கிளிஃப், 1788 முதல் 1803 வரையான காலத்தை இத்தொழிலின் பொற்காலம் என்று எழுதினார். பழைய களஞ்சியம், வண்டிக்கொட்டகை என்று எது கிடைத்தாலும் சுவரை உடைத்து ஜன்னல் வைத்துத் தறி போட்டார்கள் என்கிறார். ஆனால் நூற்பாலை முதலாளிகள் தறிகளின் வேகத்துக்காகக் காத்திருக்கவில்லை. உபரி நூலை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். நம் நூலில் அந்நியன் நெய்கிறானே என்று ராட்கிளிஃப் ஆயுள் முழுக்க அதை எதிர்த்தார். 1820-களிலிருந்து அந்த நூல் இந்தியாவுக்கும் வந்தது. இங்கே நெசவாளருக்கு அது மலிவு நூல். ராட்டை சுற்றிய பெண்களுக்கு வருமானத்தின் முடிவு. லங்காஷயரில் நூற்புக்கும் நெசவுக்கும் நடுவே விழுந்த ஏற்றத்தாழ்வின் ஒரு பங்கைக் கடல் தாண்டி நம்மூர்ப் பெண்கள் தாங்கினார்கள் என்று சொல்வதில் மிகை இல்லை.

கார்ட்ரைட்டின் விசைத்தறி 1785-லேயே வந்துவிட்டதே, பிறகு ஏன் நெசவு இத்தனை காலம் பின்தங்கியது? தறியைத் தனியாகப் பார்த்தால் விடை கிடைக்காது. பாவு இழைக்குக் கஞ்சி ஏறவில்லை என்றால் அச்சின் உராய்வில் பஞ்சு எழும்பி இழை அறும். நம்மூரில் முழுப் பாவையும் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, தூரிகையால் நீவி, காயவைத்துச் சுருட்டிய பிறகே தறிக்குக் கொண்டுபோவார்கள். லங்காஷயரின் கைத்தறிக்காரர் தறியில் ஏறிய பாவுக்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி போட்டார். கைக்கு எட்டும் நீளத்துக்கு மாவுக் கஞ்சியைத் தூரிகையால் தடவி, விசிறிக் காயவைத்து, அதன்மேல் கொழுப்பு பூசுவார். அந்த நீளத்தை நெய்து முடித்ததும் எழுந்து மறுபடி கஞ்சி. கைத்தறியில் அது ஓர் இளைப்பாறல். விசைத்தறியில் அதே வேலைக்காக இயந்திரம் அடிக்கடி நின்றது. ஒவ்வொரு தறிக்கும் கஞ்சி போட ஒரு ஆள் வேறு தேவைப்பட்டார். ஒருவரே இரண்டு தறிகளைப் பார்க்கமுடியாவிட்டால் விசைத்தறியில் என்ன லாபம்? ராட்கிளிஃபிடம் வேலை பார்த்த தாமஸ் ஜான்சன் 1803, 1804 ஆண்டுகளில் இதற்கு வழி கண்டார். பாவு தறிக்குப் போகும் முன்பே முழுவதுமாகக் கஞ்சி போட்டுக் காயவைக்கும் இயந்திரம் அது. அதன் பிறகுதான் விசைத்தறி தொடர்ச்சியாக ஓட முடிந்தது. தறியின் வேகத்தை யாரும் கூட்டவில்லை, நிற்கும் காரணத்தைத் தறியைவிட்டு வெளியே எடுத்தார்கள்.

அப்படியும் கைத்தறி உடனே மறையவில்லை. பிரிட்டனில் 1813-இல் சுமார் 2,400 விசைத்தறிகள் இருந்தன, 1820-இல் சுமார் 14,000, 1829-இல் 55,000, 1833-இல் ஏறக்குறைய ஒரு லட்சம். ரிச்சர்ட் ராபர்ட்ஸ் 1822-இல் இரும்பில் செய்த உறுதியான தறி இந்தப் பாய்ச்சலுக்கு முக்கியக் காரணம். ஆச்சரியமான விஷயம், இதே ஆண்டுகளில் கைத்தறி நெசவாளர்கள் 2 லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள் என்பது. போல்டன் வட்டாரத்தில் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வாரம் 20 ஷில்லிங்குக்கு மேல் சம்பாதித்தவர், 1830-களில் 7 ஷில்லிங்கைப் பார்ப்பதே அரிதாயிற்று. தொழில் செத்துக்கொண்டிருந்தால் ஆட்கள் ஏன் இத்தனை பேர்? தொழில் அவர்களை விடவில்லை என்பதே காரணம். ஆலைத் தறிக்குக் கட்டடம், நீராவி இயந்திரம், கடனுக்கு வட்டி என்று நிற்கும்போதும் செலவு ஓடும். ஆகவே எப்போதும் விற்கும் சாதாரணத் துணியின் ஆர்டரை முதலில் அதற்குக் கொடுத்துவிடவேண்டும். சந்தை சூடாகி ஆலையால் தாங்கமுடியாத மிச்சமும், அடிக்கடி மாறும் ரகங்களும் வீட்டுத் தறிக்குப் போயின. சந்தை விழுந்தால் முதலில் நிறுத்தப்பட்டது வீட்டுத் தறி. அந்தத் தறியும் அது நிற்கும் இடமும் நெசவாளர் தலையில். பாவு கொடுக்காமல் இருப்பதால் வணிகருக்கு ஒரு பென்னி நட்டமில்லை. இரண்டு அடுக்குத் திறன் என்று இன்றைய திட்டமிடல் பாடம் இதைச் சொல்லும். அடிப்படைத் தேவைக்கு விலை உயர்ந்த, நிலையான திறன். ஏற்ற இறக்கத்துக்கு மலிவான, வேண்டும்போது கூட்டிக் குறைக்கும் திறன். கணக்காகப் பார்த்தால் குறை சொல்லமுடியாத ஏற்பாடு. 1825-இன் நிதி நெருக்கடிக்குப் பிறகு வந்த மந்தத்தில் அந்தக் கணக்கின் மறுபக்கம் தெரிந்தது. 1826 ஏப்ரலில் கிழக்கு லங்காஷயரின் பட்டினி நெசவாளர்கள் சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விசைத்தறிகளை உடைத்தார்கள். ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கூலி சரிந்ததற்கு முதலாளிகளின் திட்டம் காரணமில்லை, ஆட்கள் குவிந்ததே காரணம் என்பது அது. சாதாரணத் துணி நெய்வதைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். பொற்காலக் கூலியைக் கேள்விப்பட்டு கிராமத்தவரும் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் அயர்லாந்திலிருந்து வந்தவர்களும் தறியில் உட்கார்ந்தார்கள். விசைத்தறி பெருகும் முன்பே கூலி விழத் தொடங்கிவிட்டது. கைத்தறியாளர்களைப் பற்றி 1969-இல் நூல் எழுதிய டங்கன் பைத்தல் இந்தப் பக்கத்தை அழுத்தமாக வாதிட்டவர். தேதிகள் அவர் பக்கம் இருக்கின்றன, அதை மறுக்க முடியாது. 1808-லேயே குறைந்தபட்சக் கூலி கேட்டு மான்செஸ்டரில் ஆயிரக்கணக்கான நெசவாளர்கள் திரண்டார்கள். அப்போது விசைத்தறிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆனால் ஆட்கள் ஏன் தடையில்லாமல் குவிய முடிந்தது என்று கேட்டால் மறுப்பு என் வாதத்துக்கே திரும்புகிறது. ஆலை முதலாளி புதிதாக நூறு தறி போடுமுன், அவை ஆண்டு முழுக்க ஓடுமா என்று கணக்குப் பார்த்தார். தவறினால் நட்டம் அவருடையது. வீட்டுத் தறிக்குப் பாவு கொடுத்த வணிகர் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டார், அவர்களில் எத்தனை பேருக்கு ஆண்டு முழுக்க வேலை இருக்கும் என்று யோசிக்க அவருக்குக் காரணமே இல்லை. சும்மா கிடக்கும் திறனுக்கு விலை இல்லாதபோது அது அளவுக்கு மேல் பெருகும். கூட்டம் சேர்ந்தது அந்த ஏற்பாட்டின் விளைவு.

அடுத்த மறுப்பு நடைமுறையைச் சேர்ந்தது. ஏற்ற இறக்கம் உள்ள எந்தத் தொழிலிலும் யாராவது காத்திருக்கத்தான் வேண்டும், அதை அநியாயம் என்று சொல்லி என்ன பயன் என்று கேட்கலாம். காத்திருப்பு தவிர்க்கமுடியாதது என்பதை நானும் ஏற்கிறேன். அதற்கு விலை வைக்கலாமா கூடாதா என்பதே கேள்வி. 1834, 1835 ஆண்டுகளில் நாடாளுமன்றக் குழு நெசவாளர்களின் மனுக்களை விசாரித்தது. வட்டார வாரியங்கள் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கவேண்டும் என்ற யோசனை வந்தது. தன் ஆலையில் நூற்றுக்கணக்கான தறிகள் வைத்திருந்த ஜான் ஃபீல்டனே அதை ஆதரித்தார். நாடாளுமன்றம் ஏற்கவில்லை. சந்தையில் கைவைக்கக்கூடாது என்றார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து நெசவிலிருந்தே வேறொரு விடை வந்தது. ஜப்பானின் டொயோடா நூற்பு நெசவு ஆலையில் 1932-இல் வேலைக்குச் சேர்ந்த தாயிச்சி ஓனோ, பின்னால் அதே குழுமத்தின் கார் ஆலைக்குப் போய், ஆர்டர்களைக் கலந்து சமப்படுத்தி ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை நடக்கும்படி திட்டமிடும் முறையை வளர்த்தார். இரண்டு ஷிஃப்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, உற்பத்தி குறைந்த நாளில் அந்த நேரத்தில் ஈடுகட்டினார்கள். உபரியை ஆலைக்குள்ளேயே, சம்பளம் வாங்கும் ஆட்களின் நாளுக்குள் வைத்தார்கள். அந்த முறையும் உதிரிபாகம் செய்யும் சிறு ஆலைகளின்மேல் சுமையைத் தள்ளியது என்ற குற்றச்சாட்டு இருக்கிறது, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனாலும் ஏற்ற இறக்கத்தின் ஒரு பங்கையாவது திட்டமிடுபவரே சுமக்கமுடியும் என்று அது காட்டிவிட்டது.

கோவை, திருப்பூர் மாவட்டங்களின் சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் கூலிக்கு நெய்யும் விசைத்தறிகளைப் பார்க்கும்போது இந்த வரலாறு தூரத்து இங்கிலாந்தின் பழங்கதையாகத் தோன்றுவதில்லை. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுக்கிறார். தறிக்காரர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குகிறார். தறி, கொட்டகை, உதிரிபாகம், மின்கட்டணம், ஆள்கூலி, வங்கிக் கடன் எல்லாம் தறிக்காரர் கணக்கு. நூல் விலை ஏறினாலோ துணி விற்காமல் தேங்கினாலோ உற்பத்தியாளர் பாவு கொடுப்பதைக் குறைக்கிறார், தறி நிற்கிறது. லங்காஷயரில் ஆலைத் தறிக்கு எதிராக வீட்டுத் தறி வகித்த இடத்தில் இங்கே விசைத்தறியே நிற்கிறது. உபரித் திறனின் இடம் எந்த இயந்திரம் பழையது என்பதைப் பொறுத்ததில்லை, நிற்கும் தறிக்கு யார் பொறுப்பு என்ற ஒப்பந்தத்தைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டியதில்லை. கூலி உயர்வு கேட்டு இந்த வட்டாரம் பலமுறை வேலைநிறுத்தம் செய்திருக்கிறது, அரசு நடுவில் நின்று ஒப்பந்தங்களும் ஆகியிருக்கின்றன. அந்தப் பேச்சுவார்த்தைகளில் பெரும்பாலும் விவாதமாவது நெய்த துணிக்கான கூலி எத்தனை சதவீதம் ஏறும் என்பது. மாதத்துக்கு இத்தனை பாவு கட்டாயம், குறைந்தால் நிற்கும் தறிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்ற ஒரு ஷரத்தும் ஒப்பந்தத்தில் ஏறவேண்டும். அது ஏறினால், ஆர்டர் வரும் முன்பே எத்தனை தறி வேண்டும் என்று உற்பத்தியாளரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்.